முதல் கிளிக்குக்குப் பணம் கட்டும் முன்: திறவுச்சொல் ஆய்வுக் கருவிகளைப் பயன்படுத்தும் முறை

தேடுபொறியில் விளம்பரம் கொடுக்க விரும்புபவருக்குக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கூகுள் கீவேர்டு பிளானர், மைக்ரோசாஃப்ட் அட்வர்டைசிங்கின் பிளானர், செம்ரஷ், ஏஹ்ரெஃப்ஸ், மோஸ் என்று எதைத் திறந்தாலும், ஒரு சொல்லைத் தட்டிய சில நொடிகளில் நூற்றுக்கணக்கான சொற்றொடர்கள் எண்களோடு வரிசைகட்டி நிற்கும். விளம்பரம் காட்டப்படுவதற்காக நாம் தேர்ந்தெடுக்கும் இத்தகைய தேடல் சொல்லையே திறவுச்சொல் (கீவேர்டு) என்கிறோம். ஆனால் அவற்றில் எந்தச் சொல்லுக்குப் பணம் கட்டுவது, எதைக் கைவிடுவது, எத்தனை நாள் காத்திருந்து முடிவெடுப்பது என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லித் தர ஆளில்லாமல், உதவிப் பக்கங்களிலும் அறிக்கைகளிலும் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தே நான் கற்க வேண்டியிருந்தது. புதிதாக வருபவர்கள் அந்தப் பாடு படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மக்கள் என்ன தேடுகிறார்கள் என்பதைக் கருவி தோராயமாகக் காட்டும். அவர்களில் யார் வாங்குவார்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது உங்கள் வணிகக் கணக்கும், விளம்பரம் ஓடத் தொடங்கிய பிறகு கிடைக்கும் உண்மையான தேடல் பதிவுகளும்தான். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தப் புரிதலிலிருந்து வந்தது. முடிந்தவரை வரிசையை மாற்றாதீர்கள். எடுத்துக்காட்டுக்காகச் சிறு நிறுவனங்களுக்கான கணக்கு மென்பொருளை இணையத்தில் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். தொகைகளை வெறும் அலகுகளாகத் தருகிறேன். உங்கள் நாணயத்தை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. ஒரு கிளிக்கின் உச்ச விலையைக் கணக்கிடுங்கள்

ஒரு கிளிக்குக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது தெரியாத வரை, கருவி காட்டும் ஏலத்தொகை (ஒரு கிளிக்குக்கு விளம்பரதாரர்கள் கொடுக்க முன்வரும் தொகை) உங்களுக்கு மலிவானதா, கட்டுப்படியாகாததா என்று சொல்ல இயலாது. ஒரு விற்பனையில் எல்லாச் செலவும் போக மிஞ்சும் லாபத்தை, தளத்துக்கு வருபவர்களில் எத்தனை விழுக்காட்டினர் வாங்குகிறார்கள் என்பதோடு பெருக்குங்கள். ஒரு விற்பனையின் லாபம் 900 அலகு, நூறு பேர் வந்தால் இருவர் வாங்குகிறார்கள் என்றால், நூறு கிளிக்குகளிலிருந்து கிடைப்பது 1,800. ஆகவே ஒரு கிளிக்குக்கு 18 அலகு கொடுத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அந்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்காவது கையில் தங்க வேண்டுமென்று முடிவுசெய்தால் உங்கள் உச்ச விலை 12.

சந்தா முறையில் விற்பவர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் புதுப்பிப்பார் என்று நம்பி, அவரிடமிருந்து எதிர்காலத்தில் வரக்கூடிய தொகை முழுவதையும் லாபமாகக் கணக்கில் எடுத்தால் உச்ச விலை பெரிதாகத் தெரியும். ஆனால் விளம்பரக் கட்டணத்தை இந்த மாதமே கட்டியாக வேண்டும். எத்தனை மாதங்களுக்குள் பணம் திரும்பி வந்தால் உங்களால் தாங்க முடியுமோ, அந்தக் காலத்தில் வரும் லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையே இன்னும் தொடங்காதவர்கள் வாங்குவோர் விழுக்காட்டைத் தாழ்வாகவே மதிப்பிட்டு வைத்துக்கொண்டு, உண்மை எண் கிடைத்ததும் திருத்திக்கொள்ளலாம்.

2. கணக்கு, ஆவணங்கள், பணம் செலுத்தும் வழி

கீவேர்டு பிளானரைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் அது கூகுளில் விளம்பரம் கொடுப்பதற்கான கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள்தான் இருக்கிறது. கணக்கமைப்பை முடித்து, பணம் செலுத்தும் விவரங்களைக் கொடுத்து, ஒரு கேம்பெய்னையும் (தனக்கென வரவுசெலவும் அமைப்புகளும் கொண்ட விளம்பரத் தொகுப்பு) உருவாக்கினால்தான் அதற்குள் நுழைய முடியும். உடனே செலவு செய்ய விருப்பமில்லையென்றால், அந்தக் கேம்பெய்னை உருவாக்கியவுடன் நிறுத்திவையுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், ஆய்வு முடியும் முன்பே பணம் கழியத் தொடங்கிவிடும். கணக்கைத் தொடங்கும்போது எளிய முறை ஒன்றுக்குள் உங்களைத் தள்ளும் திரைகள் வந்தால், எக்ஸ்பர்ட் முறைக்கு மாறும் இணைப்பைத் தேடி அதற்குள் செல்லுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் அமைப்புகள் அங்கேதான் முழுமையாக உள்ளன.

நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அவசரப்படாதீர்கள். கணக்கு உருவான பிறகு நாணயத்தை மாற்ற முடியாது. தவறாகத் தேர்ந்தால் புதிய கணக்குதான் வழி.

விளம்பரதாரரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் நடைமுறையும் உண்டு. தனிநபர் என்றால் அரசு வழங்கிய அடையாள ஆவணமும், நிறுவனம் என்றால் பதிவுச் சான்றும் தேவைப்படும். பெரும்பாலான தாமதங்கள் ஒரே காரணத்தால்தான் வருகின்றன: ஆவணத்தில் உள்ள பெயரும், பணம் செலுத்தும் விவரத்தில் நீங்கள் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதில்லை. கடைப்பெயர் ஒன்றாகவும் பதிவுப்பெயர் வேறாகவும் இருப்பவர்கள், தொடக்கத்திலேயே பதிவுப்பெயரை எழுதிவிடுவது நல்லது. சரிபார்க்கப்பட்ட பெயர் விளம்பரத்தைப் பற்றிய விவரத்தில் பொதுமக்களுக்குத் தெரியும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட கெடுவுக்குள் முடிக்காவிட்டால் விளம்பரங்கள் நிறுத்திவைக்கப்படும் என்பதால், அறிவிப்பு வந்த அன்றே ஆவணங்களை ஏற்றிவிடுங்கள்.

இதே நாளில், கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்பதைக் காட்டும் கருவியான சர்ச் கன்சோலிலும் உங்கள் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். அதற்கும் கட்டணமில்லை. தளத்தின் உரிமையை நிறுவ டொமைனின் (தளத்தின் இணையப் பெயர்) டிஎன்எஸ் அமைப்பில், அதாவது அந்தப் பெயர் எங்கே இட்டுச்செல்ல வேண்டும் என்பதைச் சொல்லும் பதிவுகளில், ஒரு வரியைச் சேர்க்க வேண்டியிருக்கும். டொமைன் பதிவுக் கணக்கின் கடவுச்சொல் தளத்தை வடிவமைத்துத் தந்தவரிடம் இருந்தால், அதை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. விதைச் சொற்களைச் சேகரியுங்கள்

கருவிக்குள் நீங்கள் இடும் முதல் சொற்களின் தரம்தான் அது திருப்பித் தரும் பட்டியலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. தொழிலில் இருப்பவர் தன் பொருளை அழைக்கும் பெயரும், வாங்க வருபவர் தேடும் பெயரும் பெரும்பாலும் வேறு வேறு. "ஒருங்கிணைந்த நிதி மேலாண்மைத் தீர்வு" என்று விற்பவர் எழுதியிருப்பார். வாங்குபவரோ "பில் போடும் மென்பொருள்" என்று தேடுவார். ஆகவே வாடிக்கையாளர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், தொலைபேசியில் கேட்ட கேள்விகள், உங்கள் தளத்தின் உள்தேடல் பெட்டியில் அவர்கள் தட்டிய சொற்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே பொருளை மக்கள் தங்கள் மொழியின் எழுத்திலும், அதே சொல்லை ரோமன் எழுத்திலும், ஆங்கிலப் பெயராலும் தேடுவதுண்டு. இம்மூன்றையும் தனித்தனி விதைகளாக எழுதிக்கொள்ளுங்கள்.

தளம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையே மிகச் சிறந்த ஊற்று. எந்தத் தேடலுக்கு உங்கள் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக் வந்தது, சராசரியாக எந்த இடத்தில் நின்றது என்பதை அது 16 மாதங்கள் வரை காட்டுகிறது. திரையில் 1,000 வரிகள்தான் தெரியும் என்பதால், பக்கம்வாரியாக வடிகட்டிப் பார்த்தால் கூடுதல் தேடல்கள் வெளிப்படும். அதிகம் காட்டப்பட்டும் கிளிக் குறைவாக உள்ள, வாங்கும் நோக்கம் தெரியும் சொற்களைத் தனியே குறித்துவையுங்கள். கட்டணமில்லாத முடிவுகளில் இப்போதைக்கு மேலே வர முடியாத இடங்களில்தான் விளம்பரம் உடனடியாகக் கைகொடுக்கும்.

இவற்றோடு, தேடல் பெட்டியில் தட்டும்போது விரியும் பரிந்துரைகளையும், முடிவுப் பக்கத்தில் வரும் தொடர்புடைய தேடல்களையும் சேருங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு சொல்லையும் தள்ளிவிடாதீர்கள். இது அரை நாளில் முடிந்துவிடும் வேலை.

4. கீவேர்டு பிளானரின் எண்களைச் சரியாகப் படியுங்கள்

பிளானரில் இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று புதிய சொற்களைக் கண்டறிவதற்கு. இதில் ஒரே நேரத்தில் 10 விதைச் சொற்கள் வரை இடலாம், அல்லது ஒரு இணையதள முகவரியைக் கொடுத்து அதிலிருந்து சொற்களைப் பெறலாம். மற்றொன்று உங்களிடம் ஏற்கெனவே உள்ள பட்டியலுக்குத் தேடல் அளவையும் முன்கணிப்பையும் பெறுவதற்கு. முதல் வாயிலில் உங்கள் தள முகவரியை மட்டுமல்லாமல், போட்டியாளரின் விலைப்பக்க முகவரியையும் கொடுத்துப் பாருங்கள். முகப்புப் பக்கத்தைவிடக் குறிப்பிட்ட ஒரு பொருளின் பக்கத்தைக் கொடுத்தால் வரும் பட்டியல் கூர்மையாக இருக்கும்.

எதையும் தட்டும் முன் மேலே உள்ள இடம், மொழி ஆகிய இரண்டு வடிகட்டிகளையும் சரிசெய்யுங்கள். ஒரு நகரத்தில் மட்டும் விற்பவர் முழு நாட்டுக்கான எண்களைப் பார்த்துத் திட்டமிட்டால் அந்தத் திட்டம் முழுவதும் பயனற்றுப்போகும்.

அடுத்து, சராசரி மாதத் தேடல் என்ற எண். இது இயல்பாகக் கடந்த 12 மாதங்களின் சராசரி. ஆண்டில் இரண்டு மாதங்கள் மட்டும் கொதித்து மற்ற மாதங்களில் அடங்கிக் கிடக்கும் சொல்லும், ஆண்டு முழுவதும் சீராகத் தேடப்படும் சொல்லும் இந்தச் சராசரியில் ஒன்றுபோலவே தெரியக்கூடும். வரிசையோரம் உள்ள சிறு வரைபடத்தைப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மேலும், விளம்பரச் செலவு இல்லாத கணக்குகளுக்குத் திட்டமான எண்ணுக்குப் பதிலாக 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்பதுபோன்ற அகன்ற வீச்சுகளே காட்டப்படும். பத்து மடங்கு விரிந்த ஒரு வீச்சை வைத்து வரவுசெலவுத் திட்டம் போட முடியாது. சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்த மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

பெரும்பாலோர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பிளானர் நெருங்கிய வேறுபாடுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதால், ஒருமையும் பன்மையுமாக வேறுபடும் இரண்டு சொற்களுக்கு ஒரே எண் வருவதைக் காண்பீர்கள். அவை இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் அல்ல. இரண்டையும் கூட்டினால் ஒரே தேடலை இருமுறை எண்ணியதாகும்.

போட்டி என்ற நெடுவரிசையில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று இருக்கும். அந்தச் சொல்லுக்காக எவ்வளவு விளம்பரதாரர்கள் மோதுகிறார்கள் என்பதைத்தான் அது குறிக்கிறது. கட்டணமில்லாத முடிவுகளில் மேலே வருவது எளிதா, கடினமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. போட்டி குறைவு என்பதை நற்செய்தியாக உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரங்களில், மற்றவர்கள் சோதித்துப் பார்த்து விற்பனை வராததால் விட்டுச்சென்ற சொல்லாக அது இருக்கலாம்.

பணம் சார்ந்து மிக முக்கியமானவை பக்க மேல்பகுதி ஏலத்தொகையின் கீழ் வீச்சும் மேல் வீச்சும்தான். பக்கத்தின் மேல்பகுதியில் இடம்பிடிக்க விளம்பரதாரர்கள் முன்பு கொடுத்த தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால், ஏறத்தாழ 20ஆவது விழுக்காட்டு நிலையில் உள்ளது கீழ் வீச்சு. 80ஆவது நிலையில் உள்ளது மேல் வீச்சு. இப்போது முதல் படியில் கண்ட 12 என்ற உச்ச விலையை எடுங்கள். கீழ் வீச்சு 6, மேல் வீச்சு 11 என்றுள்ள சொல் தாராளமாக உங்கள் எல்லைக்குள் வருகிறது. கீழ் வீச்சு 8, மேல் வீச்சு 25 என்றுள்ளதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் மேலிடம் எப்போதும் கிடைக்காது. கீழ் வீச்சே 20 என்றால், தேடல் அளவு எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அந்தச் சொல் இன்றைய நிலையில் உங்களுடையது அல்ல. பட்டியலில் பாதிக்கும் மேல் இந்த ஒரே சல்லடையில் கழிந்துவிடக்கூடும், கழியட்டும்.

5. காலப்போக்கை டிரெண்ட்ஸில் சரிபாருங்கள்

கூகுள் டிரெண்ட்ஸ் தேடல்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. நீங்கள் தேர்ந்த காலத்திலும் இடத்திலும் ஒரு சொல்லின் ஆர்வம் உச்சத்தில் இருந்த புள்ளியை 100 என வைத்து, மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை காட்டுகிறது. ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். 2004 முதலான தரவு இருப்பதால், ஒரு சொல் ஆண்டுக்காண்டு தேய்ந்துவருகிறதா, ஒவ்வோர் ஆண்டும் எந்த மாதத்தில் எழுகிறது என்பவற்றை ஐந்தாண்டுக் காட்சியில் எளிதாகப் பார்த்துவிடலாம். எழும் மாதம் தெரிந்துவிட்டால், விளம்பரச் சோதனையை அதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். கூட்டம் வரும்போது எந்தச் சொல் விற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6. கட்டணக் கருவிகள் எப்போது தேவை?

தொடக்கத்தில் தேவையில்லை என்பதே என் கருத்து. விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகையே சிறியதாக இருக்கும்போது, அதில் ஒரு பகுதியை மாதச் சந்தாவுக்குக் கொடுப்பது சோதனைக்கான கிளிக்குகளைக் குறைத்துவிடும். ஆனால் போட்டியாளர்கள் எந்தச் சொற்களுக்கு விளம்பரம் கொடுக்கிறார்கள், அவர்களுடைய விளம்பர வாசகங்கள் எப்படி உள்ளன, ஆயிரக்கணக்கான சொற்களைக் குழுக்களாகப் பிரிப்பது எப்படி என்ற தேவைகள் எழும்போது செம்ரஷ், ஏஹ்ரெஃப்ஸ் போன்றவை நேரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்தும்.

சோதனைக் காலம் தரும் கருவியாக இருந்தால், விதைப் பட்டியல் தயாரான பிறகே அதைத் தொடங்குங்கள். நாள் முழுவதையும் ஒதுக்கி, தேவையான எல்லாவற்றையும் கோப்பாக இறக்கிக்கொண்டு, தானாகப் புதுப்பிக்கும் தேதிக்கு முன் ரத்துசெய்துவிடலாம். எத்தனை வரிகள் இறக்கலாம், ஒரு நாளில் எத்தனை தேடல்கள் செய்யலாம் என்ற வரம்புகளைச் சந்தா கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு தேடல் அளவைத் தரும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் வழியில் மதிப்பிடுகிறது. இரண்டு கருவிகளின் எண்களை ஒரே நெடுவரிசையில் கலந்துவைத்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும். இரண்டு, கடினத்தன்மை என்று இக்கருவிகள் தரும் மதிப்பெண் கட்டணமில்லாத முடிவுகளைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, ஏஹ்ரெஃப்ஸ் முதல் பத்து இடங்களில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்து அதைக் கணக்கிடுகிறது. விளம்பரம் கொடுப்பவர் அந்த எண்ணைப் பார்த்து ஒரு சொல்லைத் தள்ளவோ கொள்ளவோ காரணமில்லை.

7. தேடலின் நோக்கத்தைக் கண்டு பிரியுங்கள்

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்தப் படியில்தான் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். விலைச் சல்லடையில் தேறிய சொற்களை ஒரு விரிதாளில் இட்டு, சொல், தேடல் அளவு, கீழ் ஏலம், மேல் ஏலம், நோக்கம், பொருத்தமான பக்கம், முடிவு என்று ஏழு நெடுவரிசைகள் அமையுங்கள். நோக்கம் என்ற கட்டத்தை எந்தக் கருவியையும் நம்பாமல் நீங்களே நிரப்ப வேண்டும்.

"கணக்கு மென்பொருள் விலை" என்று தேடுபவர் வாங்கும் வாசலில் நிற்கிறார். "சிறு கடைக்குச் சிறந்த கணக்கு மென்பொருள்" என்பவர் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்; சில நாள்களில் வாங்கக்கூடும். "பற்று வரவு என்றால் என்ன" என்பவருக்கு வேண்டியது அறிவு. அவரிடம் இன்று விற்க இயலாது. ஒரு நிறுவனத்தின் பெயரோடு "உள்நுழை" என்று தேடுபவர் ஏற்கெனவே வேறொருவரின் வாடிக்கையாளர். "கணக்கு மென்பொருள் பயிற்சி" என்பவர் வேலை தேடும் மாணவராக இருக்கலாம். இவை எல்லாவற்றிலும் "கணக்கு" என்ற சொல்லோ அதன் சாயலோ இருப்பதால், கருவி இவற்றை ஒரே பட்டியலில் அருகருகே வைத்துவிடுகிறது.

ஐயம் வரும் சொற்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது: முடிவுப் பக்கத்தையே பாருங்கள். மேலே பல விளம்பரங்களும் கீழே விலைப்பக்கங்களும் நிறைந்திருந்தால், அங்கே வாங்குபவர்கள் வருகிறார்கள் என்று பிறர் ஏற்கெனவே பணம் கட்டிக் கண்டறிந்திருக்கிறார்கள். விளம்பரமே இல்லாமல் பத்தும் விளக்கக் கட்டுரைகளாக இருந்தால், அந்தத் தேடலை அறிவுத் தேடலாகக் கொள்ளுங்கள். இதைச் செய்யும்போது உங்கள் தேடல் வரலாறு முடிவுகளைத் திரிக்காமலிருக்கவும், பிறரின் விளம்பரத்தை வீணாகக் கிளிக் செய்யாமலிருக்கவும், கூகுள் ஆட்ஸுக்குள்ளேயே உள்ள விளம்பர முன்னோட்டக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

போட்டியாளரின் பெயரை விளம்பரத்துக்கான சொல்லாகத் தேர்வதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பெயரைத் தேடுபவர் அவரையே நாடுகிறார் என்பதால் வாங்குவோர் விழுக்காடு குறையும். வணிகச் சின்ன உரிமையாளர் முறையிட்டால், அந்தப் பெயரை உங்கள் விளம்பர வாசகத்தில் எழுதுவதற்குத் தடையும் வரும். அதேபோல் மிக நீண்ட, மிக நுணுக்கமான சொற்றொடர்களைக் குவிப்பதிலும் பயனில்லை. தேடுவோரே இல்லாத சொல்லைக் கணக்கில் இட்டால், குறைந்த தேடல் அளவு என்ற நிலையோடு அது செயலற்றுக் கிடக்கும்.

8. மேட்ச் வகையும் விலக்குச் சொற்களும்

உங்கள் சொல் எந்தெந்தத் தேடல்களோடு பொருந்தலாம் என்பதைத் தீர்மானிப்பது மேட்ச் வகை. தேர்ந்த சொல்லைக் கணக்கில் எந்தக் குறியும் இல்லாமல் தட்டினால் அது பிராட் மேட்ச் ஆகிவிடும். பொருள் தொடர்புள்ள பலவகைத் தேடல்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். மேற்கோள் குறிக்குள் எழுதினால் ஃப்ரேஸ் மேட்ச் (அந்தச் சொற்றொடரின் பொருளை உள்ளடக்கிய தேடல்களுக்குக் காட்டப்படும்), சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் எக்ஸாக்ட் மேட்ச். பெயர் எக்ஸாக்ட் என்றிருந்தாலும் அதே பொருள் தரும் வேறு சொல்லமைப்புகளுக்கும் அது காட்டப்படும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பதிவுகள் போதுமான அளவு சேர்ந்த கணக்குகளில் பிராட் மேட்ச், கூகுளே ஏலத்தொகையைத் தீர்மானிக்கும் தானியங்கி ஏலத்தோடு நன்றாக இயங்கக்கூடும். பதிவே இல்லாத புதிய கணக்கில் கற்றுக்கொள்ள அதற்கு எதுவுமில்லை. ஃப்ரேஸும் எக்ஸாக்டும் கொண்டு தொடங்குங்கள்.

ஏழாம் படியில் தள்ளிய சொற்களைத் தூக்கி எறியாதீர்கள். பயிற்சி, வேலைவாய்ப்பு, பாடப்புத்தகம், உள்நுழை போன்றவற்றைப் பிரித்தெடுத்து விலக்குச் சொற்களாக, அதாவது அவை உள்ள தேடல்களுக்கு விளம்பரம் காட்டப்படாமல் தடுக்கும் சொற்களாக, கணக்கில் இடுங்கள். ஒரே பட்டியலில் 5,000 வரை இட்டு, அதைப் பல கேம்பெய்ன்களுக்குப் பொதுவாக்கலாம். விளம்பரத்துக்கான சொல் நெருங்கிய வேறுபாடுகளைத் தானாகவே பிடிக்கும். விலக்குச் சொல் அப்படிப் பிடிப்பதில்லை. ஒருமையை விலக்கினால் பன்மை விலகாது, ஒரு சொல்லை விலக்கினால் அதே பொருள் கொண்ட இன்னொரு சொல் விலகாது. ஆகவே ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே எழுதியாக வேண்டும். "இலவச" என்பதை விலக்கும் முன் மட்டும் நின்று யோசியுங்கள்: நீங்களே இலவசச் சோதனைக் காலம் தருபவராக இருந்தால், உங்கள் நல்ல வாடிக்கையாளரையும் சேர்த்தே விலக்கிவிடுவீர்கள்.

9. குழுக்களும் அமைப்புகளும்

ஒரே நோக்கமும் ஒரே இறங்குபக்கமும் (கிளிக் செய்தவர் வந்துசேரும் பக்கம்) கொண்ட சொற்கள் ஒரே விளம்பரக் குழுவில் இருக்கட்டும். விலை கேட்பவருக்கு விலைப்பக்கம், ஒப்பிடுபவருக்கு ஒப்பீட்டுப் பக்கம். அனைவரையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்புவது வந்தவரைத் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். ஒவ்வொரு குழுவின் விளம்பரத்துக்கும் 30 எழுத்துகளுக்குள் 15 தலைப்புகள் வரையும், 90 எழுத்துகளுக்குள் 4 விளக்கங்கள் வரையும் எழுதலாம். தேடியவரின் சொல் அவற்றில் இயல்பாக வர வேண்டும். 1 முதல் 10 வரை காட்டப்படும் குவாலிட்டி ஸ்கோர் என்பது, எதிர்பார்க்கும் கிளிக் விகிதம், விளம்பரப் பொருத்தம், இறங்குபக்க அனுபவம் ஆகிய மூன்றில் எது பலவீனம் என்று அறிவதற்கான குறியீடு. அதை ஏற்றுவதையே குறிக்கோளாக்க வேண்டியதில்லை.

தேடல் கேம்பெய்னை உருவாக்கும்போது டிஸ்பிளே நெட்வொர்க் (தேடலுக்கு வெளியே பிற தளங்களிலும் விளம்பரம் காட்டும் வலையமைப்பு) என்ற பெட்டி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் அதை நீக்குங்கள். இட அமைப்பில், அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும் என்ற தெரிவுக்கு மாறுங்கள். இயல்பான தெரிவு அந்த இடத்தில் ஆர்வம் காட்டும் வெளியாரையும் சேர்த்துக்கொள்ளும். விற்பனையைப் பதிவுசெய்யும் கன்வெர்ஷன் கண்காணிப்பு வேலை செய்கிறதா என்பதை நீங்களே ஒரு சோதனை ஆர்டர் போட்டுச் சரிபாருங்கள். அது இல்லாமல் விளம்பரத்தை ஓட விடாதீர்கள். எந்தச் சொல் விற்றது என்று பிறகு அறிய வழியே இருக்காது.

10. சோதனைக்கு எவ்வளவு பணம், எத்தனை நாள்?

நூறு கிளிக் வந்தும் விற்பனை இல்லையென்றால் அந்தச் சொல் பயனற்றது என்று முடிவெடுக்கத் தோன்றும். ஆனால் உண்மையிலேயே நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கக்கூடிய சொல்லாக இருந்தாலும், நூறு கிளிக்கில் ஒருவரும் வாங்காமல் போவதற்கு ஏறத்தாழ 13 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. 150 கிளிக் ஆகும்போது அந்த வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைகிறது. நல்ல சொல்லை அவசரத்தில் கொல்லாமலிருக்க, வாங்குவோர் விழுக்காடு 2 என்று எதிர்பார்ப்பவர் 150 கிளிக் வரை பொறுக்க வேண்டும். 1 என்று எதிர்பார்ப்பவர் ஏறத்தாழ 300 வரை.

இப்போது செலவைப் பாருங்கள். கிளிக் ஒன்றுக்கு 12 வீதம் 150 கிளிக்குக்கு 1,800. பத்துச் சொற்களுக்கு 18,000. நாற்பது சொற்களுக்கு 72,000. பட்டியல் நீளமாக இருப்பது உழைப்பின் அடையாளமாகத் தோன்றலாம், ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் தன் சோதனைச் செலவைக் கேட்கும். கையில் உள்ள தொகையை 1,800 ஆல் வகுத்து, எத்தனை சொற்களை நேர்மையாகச் சோதிக்க முடியுமோ அத்தனையை மட்டும் தொடங்குங்கள். மற்றவை விரிதாளில் காத்திருக்கட்டும்.

பத்துச் சொற்களை 30 நாளில் சோதிப்பதென்றால் நாளொன்றுக்கு 600 என்று வரம்பு வைப்பீர்கள். ஒரு தனி நாளில் அதைப்போல் இரு மடங்கு வரை, அதாவது 1,200 வரை செலவாகக்கூடும்; அதைக் கண்டு பதற வேண்டாம். ஒரு மாதத்தின் மொத்தம் நாள் வரம்பின் 30.4 மடங்கை, இங்கே 18,240 ஐ, தாண்டாது என்பதே விதி. கிளிக் செய்தவர் அன்றே வாங்குவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கிளிக்குக்குப் பின் 30 நாள் வரை நடக்கும் விற்பனையை அமைப்பு இயல்பாக அந்தக் கிளிக்கோடு இணைக்கிறது என்பதால், கடைசி வாரத்தின் எண்கள் எப்போதும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

11. தேடல் சொற்கள் அறிக்கை

விளம்பரம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் இந்த அறிக்கையைத் திறங்கள். முதல் மாதத்தில் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் போதும். நீங்கள் ஏலம் கேட்ட சொற்கள் ஒரு பக்கம் இருக்க, மக்கள் உண்மையில் தட்டிய சொற்கள் இங்கேதான் தெரிகின்றன. மிகக் குறைவாகத் தேடப்படுபவை தனியுரிமைக்காக மறைக்கப்படுவதால் பட்டியல் முழுமையாக இராது, இருந்தாலும் வேறெந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது. செலவு நெடுவரிசையை இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே வாருங்கள். பொருந்தாததை அங்கேயே விலக்குச் சொல்லாக்குங்கள். விற்பனை தந்ததை எக்ஸாக்ட் மேட்ச்சாகத் தனியே சேர்த்து, அதற்கென ஒரு தலைப்பும் எழுதுங்கள்.

கூகுள் ஆட்ஸ் தானாகப் பரிந்துரைகளைச் செயல்படுத்தும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் பாருங்கள். இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்காத சொற்கள் உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, இந்த அறிக்கையிலிருந்து கிடைத்த புதிய சொற்களை விதைகளாக்கி நான்காம் படிக்குத் திரும்புங்கள்; வாங்குவோர் விழுக்காட்டின் உண்மை எண் இப்போது கையில் இருப்பதால், முதல் படியின் உச்ச விலையையும் புதிதாகப் போடுங்கள். அறிவுத் தேடல்கள் என்று ஒதுக்கிவைத்தவற்றில் அடிக்கடி தலைகாட்டுபவை இருந்தால், அவற்றை விளம்பரப் பட்டியலிலிருந்து எடுத்து, தளத்துக்குக் கட்டுரை எழுதுபவரின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.